கட்டியின் ரிப்போர்ட்டில் 'எம்எல்ஹெச்1 மெத்திலேஷன்' என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருமா?

பெரும்பாலும் இல்லை. எங்கள் சித்திக்கும் இதே ரிப்போர்ட் வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம், கேரளா என்றாலும் வீட்டில் தமிழ்தான். சித்திக்கு 68 வயதில் பெருங்குடலின் வலப்பக்கம் கட்டி. ஆபரேஷன் முடிந்து லேபில் பார்த்ததில் எம்எல்ஹெச்1 புரதம் இல்லை என்று வந்தது. பரம்பரை வியாதியோ என்ற பயத்தில் அவர் மூத்த மகள் ரிப்போர்ட்டை போனில் பெரிதாக்கி, 'லாஸ்' என்ற ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிஎன்ஏவை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்த உதவுகிற ஜீன்தான் எம்எல்ஹெச்1. அதன் எழுத்தே பிறவியில் மாறியிருந்தால் அது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைப் புற்றுநோய்ப் பாதிப்பு, அந்த மாற்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மெத்திலேஷன் வேறு. தமிழில் 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிறதில்லையா, மலையாளத்தில் அதையே ஒரு சின்னப் பிறை செய்யும், சந்திரக்கலை என்பார்கள். எழுத்து அப்படியே இருக்கும், உயிரோசை போய்விடும். ஜீன் தொடங்கும் இடத்தில் டிஎன்ஏவின் எழுத்துகளான சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து நெருக்கமாக வரும், நல்ல செல்லில் பொதுவாக அங்கே புள்ளி கிடையாது. கட்டியில் அந்த சி-க்கள் மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிடித்துக்கொண்டு வேறு புரதங்கள் வந்து டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டிவிடும், அப்புறம் ஜீனைப் படிக்க வரும் என்சைமுக்கு உட்கார இடமிருக்காது. செல் பிரிந்தாலும் டிஎன்எம்டி1 என்ற என்சைம் பழைய இழையைப் பார்த்துப் புது இழையிலும் அதே இடங்களில் புள்ளி வைத்துவிடும்.

சித்தியின் கட்டியில் நடந்தது இதுதான் என்று அடுத்த டெஸ்டில் தெரிந்தது. வயதான காலத்தில் குடல் செல்லில் விழுந்த புள்ளி, மகள்கள் பிறந்த கருமுட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் அவர்களைப் பார்த்து "பேடிக்கண்ட", பயப்பட வேண்டாம், என்றார். ஆனால் உங்கள் வீட்டில் 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, ரத்த உறவில் வேறு யாருக்காவது இருந்தாலோ, ரத்தத்திலும் ஜீன் டெஸ்ட் வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள், அபூர்வமாக அங்கேயும் இந்தப் புள்ளி இருப்பதுண்டு.

புள்ளியை அழிக்கும் மருந்தும் இருக்கிறது. அசாசிடிடினுக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது, ஆனால் அது எலும்பு மஜ்ஜை நோய்க்கு, குடல் கட்டிக்காக அதைத் தேடி அலையாதீர்கள். இந்த வகைக் கட்டி பரவியிருந்தால், உடம்பின் எதிர்ப்புசக்தியையே கட்டிமேல் திருப்பிவிடும் இம்யூனோதெரபி நன்றாகக் கேட்க வாய்ப்புண்டு, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.