அந்தப் புகைப்படத்தை வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். ‘மியூனிக், 1923: இரத்தக்கொடியைத் தொடுவித்துப் புதிய கொடிகளைப் புனிதப்படுத்தும் ஹிட்லர்’ என்ற குறிப்போடும் சான்றிதழோடும் ஒரு தரகர் பழைய புகைப்படம் விற்கிறார். வாங்கி, நாஜிக் கட்சியின் தொடக்ககாலச் சடங்குகள் பற்றிய என் காணொளியில் காட்டலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். 1923 நவம்பர் 9 அன்று மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியைக் காவல்துறை சுட்டு முறியடித்தபோது இரத்தம் படிந்ததாகச் சொல்லப்பட்ட கொடியே இரத்தக்கொடி. இரண்டே நாளில் ஹிட்லர் கைதானார். கட்சியும் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டில் இச்சடங்கு நடந்திருக்கவே முடியாது. கட்சி மீண்டும் இயங்கத் தொடங்கியபின், 1926 ஜூலையில் அது நடத்திய வைமார் மாநாட்டில்தான் இச்சடங்கு அரங்கேறியது. மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தில் ஹிட்லர் பொதுக்கூட்டங்களில் பேசத் தடை இருந்ததால் அம்மாநாடு வைமார் இருக்கும் துரிங்கியா மாநிலத்துக்குப் போயிற்று. 1923 ஜனவரியில் மியூனிக்கில் நடந்த முதல் மாநாட்டிலும் படைக்கொடிகளை அவர் அர்ப்பணித்தார் என்பது உண்மைதான். ஆனால் அன்று இரத்தக்கொடி ஏது? இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படத்தில் உள்ளவர்களின் உடையையும் பாருங்கள். 1923இல் கட்சியின் தொண்டர்படையினர் பெரும்பாலும் காற்றுத்தடுப்பு மேற்சட்டையும் பனிச்சறுக்குத் தொப்பியுமாக நின்றார்கள். ஒரே மாதிரியான பழுப்புச்சட்டை அணிவகுப்பு பிற்காலத்தது. விற்பவரே எழுதித் தரும் சான்றிதழுக்குக் காகித விலைகூடக் கிடையாது. கட்சியின் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹோஃப்மனின் முத்திரை பின்புறம் இருக்கிறது என்பார்கள். முத்திரை செய்ய எவ்வளவு நேரமாகும்? அவருடைய படத்தொகுப்பு மியூனிக்கிலுள்ள பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

சட்டத்துக்கு வருவோம். இத்தகைய படத்தை வீட்டில் வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டினால், ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. கல்வி, ஆய்வு, வரலாற்று விளக்கம் ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை அங்கேயே சொல்லாமல் இன்னொரு பிரிவைப் பார்க்கச் சொல்கிறது சட்டம். சாதாரண வாசகர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ‘கல்விக்காக மட்டும்’ என்று படத்தின்கீழ் ஒரு வரி போட்டால் அந்த விலக்கு கிடைத்துவிடாது. எந்தப் படம், எங்கே, எதற்காக எடுக்கப்பட்டது, அந்தச் சடங்கு யாரை மயக்கப் பயன்பட்டது என்பதை, படம் திரையில் இருக்கும்போதே உங்கள் குரல் விளக்க வேண்டும். ஆகவே, விளக்கத்துக்கு இடமே இல்லாத முகப்புப் படத்தில் ஸ்வஸ்திகா கொடியை வைக்காதீர்கள்.