பயறுக்குப் பின் மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து: கேள்வி பதில்

தாராபுரம்: கடலை எடுத்த செம்மண் காட்டில் அடுத்ததாக மக்காச்சோளம் போடப் போகிறேன். யூரியாவைக் குறைக்கலாமா, ஐயா?

கடலைக்கொடி எங்கே போனது என்பதைப் பொறுத்தது. கடலை போன்ற பயறுவகைச் செடியின் வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலிருந்து பிடித்துத் தரும் நைட்ரஜனில், அதாவது தழைச்சத்தில், பெரும்பகுதியைச் செடி பருப்பிலும் கொடியிலுமே சேர்த்துவைக்கிறது. நம் பக்கம் கடலையை வேரோடு பிடுங்கி, காயை ஆய்ந்துகொண்டு, கொடியை மாட்டுக்குப் போராகப் போட்டுவிடுவதால், உதிர்ந்த இலையும் அறுந்த வேரும்தான் காட்டில் மிஞ்சுகின்றன. சாணமும் கோமியமும் அதே காட்டுக்குத் திரும்பினால் ஒரு பங்கு திரும்பும். கோமியத்தைக் கட்டுத்தரையிலேயே வீணாக விடுகிறவர்கள்தான் அதிகம். மண் பரிசோதனை செய்யாமல் குறைக்க வேண்டாம்.

பல்லடம்: தட்டைப்பயறு வேரில் முடிச்சு இருக்கிறது. வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

பூக்கும் தருணத்தில் ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அடியுரமாக யூரியாவை அள்ளிப் போட்ட காட்டில் முடிச்சே சரியாகக் கட்டாது.

அவினாசி: சோளத்தட்டின் கட்டைகளை மடக்கி உழுது உடனே விதைத்தேன். பயிர் வெளிறி நிற்கிறதே, ஏன்?

சோளக்கட்டையில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பயிருக்குச் சில வாரங்கள் தட்டுப்பாடு வருகிறது. பயறுத்தழையில் கரிமத்தோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் கூடுதலாக இருப்பதால், ஈரம் இருந்தால் அது விரைவில் மட்கிச் சத்தை விடுகிறது. இப்போதைக்குச் சிறிது மேலுரம் இடுங்கள்; அடுத்த முறை உழவுக்கும் விதைப்புக்கும் இடைவெளி கொடுங்கள்.

கோபி: நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைத்த தக்கைப்பூண்டை எப்போது மடக்குவது?

விதைத்து 40 முதல் 45 நாளில், தண்டு முற்றும் முன்பு. மடக்கியதும் தண்ணீர் கட்டிச் சேறாக்கினால் நைட்ரஜன் அம்மோனிய வடிவில் மண்ணோடு தங்கும். உழுதுவிட்டு வயலைக் காயப் போட்டால் அது தண்ணீரோடு எளிதில் நகரும் நைட்ரேட்டாக மாறிவிடும். பிறகு தண்ணீர் பாய்ச்சும்போது அடியில் இறங்கியும், காற்றில் கலந்தும் வீணாகும்.

காங்கேயம்: உழவையே குறைத்தால் தழைச்சத்து கூடுமா?

உடனே கூடாது. உழும்போது காற்றுப் புகுந்து மட்கு வேகமாகச் சிதைவதால்தான் பயிருக்குச் சட்டென்று சத்து கிடைக்கிறது. அது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. உழவைக் குறைத்த முதல் சில ஆண்டுகளில் சத்து மெதுவாக வெளிவருவதால், தானியப் பயிருக்குக் கூடுதலாகவே உரம் தேவைப்படலாம். கோடை மழைக்கு ஒரு உழவு போதும் என்பதே என் கருத்து. மழை பெய்யும்போதெல்லாம் ரோட்டவேட்டரை இறக்குவது மானாவாரிச் செம்மண்ணுக்கு ஆகாது. புரட்டாசி மழைக்குக் கொள்ளையோ நரிப்பயறையோ விதைத்துவிட்டால், அந்த மழையில் அடியில் இறங்கக்கூடிய நைட்ரேட்டையும் அவற்றின் வேர் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.