"நானும் உன் வயித்துலதான் இருந்தேனாம்மா?" – தத்தெடுத்த மகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது முறைப்படி பதிவு செய்து, காத்திருந்து, தத்தெடுத்தோம். அரசு மருத்துவமனைத் தொட்டிலில் விடப்பட்டவள் என்று அவளுடைய கோப்பில் இருக்கிறது. பெற்றவர்களைப் பற்றி வேறு ஒரு வரியும் இல்லை. போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. என் மகள் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "நானும் உன் வயித்துக்குள்ள இப்படித்தான் இருந்தேனாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், "ஆமாடி தங்கம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. "கல்யாணம் ஆகுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சா நம்மள விட்டுப் போயிடுவா" என்கிறார் மாமியார். பத்தாவது முடிக்கட்டும் என்கிறார் கணவர். எப்போது, எப்படிச் சொல்வது? சொன்ன பொய்யை என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகி

பதில்: எப்போது என்ற கேள்விக்கு உங்கள் மகளே பதில் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டாள் அல்லவா? இந்த வாரமே சொல்லுங்கள்.

தலையாட்டியதை நினைத்துக் குமைய வேண்டாம். கூட்டத்துக்கு நடுவே, சந்தனமும் வளையலும் கையுமாக நிற்கும்போது வந்த கேள்வி அது. யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். ஐந்தரை வயதுப் பிள்ளையிடம் ஒரு மாதத்துக்கு முன் சொன்ன தவறைத் திருத்துவது எளிது. அதே தவறு பத்து வருடம் ஊறிவிட்டால்தான் திருத்த முடியாததாகிவிடும்.

இதற்கென்று பூஜை அறையில் உட்கார வைத்து, அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் அமர்ந்து, கண் கலங்கச் சொல்லாதீர்கள். அந்தச் சூழலே, ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பிள்ளையைப் பயமுறுத்திவிடும். தலை பின்னும்போது சொல்லலாம், பட்டாணி உரிக்கும்போது சொல்லலாம். கையில் வேலை இருந்தால் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இருவருக்கும் அது நல்லது. சொற்களைத் தேடித் தவிக்காமல் இருக்க, ஏறக்குறைய இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அன்னைக்கு வளைகாப்பு வீட்டுல என்கிட்ட ஒண்ணு கேட்டேல்ல? நான் அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்டா. நீ என் வயித்துல இல்ல. வேற ஒரு அம்மா வயித்துல இருந்து பொறந்த. அந்த அம்மாவால அப்ப ஒரு பாப்பாவ வளர்க்க முடியல. நானும் அப்பாவும் ஒரு பாப்பா வேணும்னு ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருந்தோம். நீ ஏழு மாசப் பாப்பாவா இருக்கும்போது உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அதுக்குப் பேருதான் தத்தெடுக்கிறது. நீ எங்க பிள்ளை. எப்பவுமே."

அவ்வளவுதான். பெரும்பாலும் அவள், "அப்ப எனக்குப் பல்லு இருந்துச்சா?" என்று கேட்பாள், அல்லது பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விடுவாள். ஏமாந்துபோய் நிற்காதீர்கள். 'இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னேன், ஒன்றுமே கேட்கவில்லையே' என்று என்னிடம் வந்து அழுத அம்மாக்கள் உண்டு. இது ஒரே நாளில் சொல்லி முடிக்கிற செய்தி கிடையாது. இன்னும் பதினைந்து வருடத்துக்கு, வயதுக்கு ஏற்றபடி நீங்கள் திரும்பத் திரும்பப் பேசப்போவதன் முதல் வரி.

மேலே உள்ள சொற்களில் இரண்டு இடங்களைக் கவனித்துத்தான் எழுதியிருக்கிறேன். 'உன்னை வளர்க்க முடியல' என்று எழுதவில்லை. 'ஒரு பாப்பாவ வளர்க்க முடியல' என்றே எழுதியிருக்கிறேன். தன்னிடம் ஏதோ குறை இருந்ததால்தான் விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம், தத்துப் பிள்ளைகளின் மனதில் யாரும் சொல்லாமலேயே முளைக்கும். நம் சொல் அதற்கு நீரூற்றக் கூடாது. அடுத்தது, 'உன் மேல ரொம்பப் பாசம், அதான் கொடுத்துட்டாங்க' என்று சொல்வதைத் தவிர்த்திருக்கிறேன். கேட்க இதமாக இருக்கும். ஆனால் பாசம் வைத்தவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும். நீங்களும் அவள் மேல் பாசம் வைத்தவர்தானே? பெற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்ற பொய்யும் வேண்டாம். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பதில் பயனில்லை.

'உன்னைத்தான் வேணும்னு தேர்ந்தெடுத்தோம்' என்பதையும் பலர் ஆசையாகச் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்லவே. காரா எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்து, வரிசை வந்ததும் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வந்திருக்கும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியிருப்பீர்கள். அந்த இரண்டு நாள் வீட்டில் என்ன நடந்தது, யார் முதலில் படத்தைப் பார்த்தது, யார் அழுதது – அதைச் சொல்லுங்கள். கடையில் பொறுக்கி எடுத்த பொருள்போல ஆகாமல், காத்திருந்து வந்த பிள்ளை என்ற கதை அவளுக்குக் கிடைக்கும். எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு முறை கேட்பாள்.

இப்போது எளிதாகப் போய்விட்டது என்று நினைத்திருக்கும்போது, ஏழு எட்டு வயதில் ஒரு மாற்றம் வரும். தத்துப் பிள்ளைகளின் புரிதலை 1980-களிலேயே ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கி இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நான்கைந்து வயதுப் பிள்ளை 'என்னைத் தத்தெடுத்தாங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லும். பொருள் முழுதாகப் புரிந்திருக்காது. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் யோசிக்கத் தெரிந்துவிடும்: இவர்கள் என்னை எடுத்தார்கள் என்றால், அதற்கு முன்னால் ஒருவர் என்னை விட்டிருக்க வேண்டுமே. அந்த வயதில் பிள்ளை திடீரென்று அமைதியாகலாம், இரவில் உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம், பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் தாமதமானால் அழலாம். நாம் சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று மாமியார் சொல்லக்கூடும். அது வளர்ச்சி, கூடவே ஒரு துக்கம். துக்கப்படும் பிள்ளையிடம், "எதுக்கு அழுற, உனக்கு இங்க என்ன குறை?" என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அம்மாவ நெனச்சியா? நானும் அப்பப்ப நெனப்பேன்" என்று சொன்னால் போதும்.

தொட்டில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அதுதான். பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் (வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைப் பத்திரமாக விட்டுச் செல்ல அரசு தொட்டில் வைத்த திட்டம்), பின்னர் உங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களுக்குப் போனது. இணையத்தில் ஒரு நிமிடம் தேடினால் போதும், இந்த வரலாறு கைக்கு வந்துவிடும். பன்னிரண்டு பதிமூன்று வயதில் உங்கள் மகள் அதைப் படித்துவிட்டு வந்து, "நான் பொண்ணுங்கிறதாலதான் விட்டாங்களா?" என்று கேட்கலாம். நேர்மையான பதில், "எங்களுக்குத் தெரியாதுடா" என்பதே. தெரிந்ததை அதனோடு சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தக் காலச் சூழல், வரதட்சணைப் பயம், வறுமை, கல்யாணமாகாத தாய்க்கு ஊர் கொடுக்கும் தண்டனை என்று காரணங்கள் பல இருந்திருக்கலாம், ஆனால் யாரோ ஒருவர் உன்னைப் பத்திரமான இடம் பார்த்து, ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்து, வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் கற்பனை எதுவும் இல்லை. அந்தத் தொட்டில்கள் அதற்காகத்தான் அங்கே இருந்தன. இந்த விவரத்தை இப்போது ஐந்தரை வயதில் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது பத்து வயதில், வெளியே கேள்விப்படுவதற்கு முன்னால், உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

இதனால்தான் ஒரு கேலியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும் பிள்ளைகளை அழ வைத்துப் பார்க்க, "உன்னைத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்", "குப்பைத்தொட்டியில கெடந்த, எடுத்துட்டு வந்தோம்" என்பார்கள். மற்றப் பிள்ளைகள் சிணுங்கிவிட்டு மறந்துவிடும். உங்கள் வீட்டில் அந்த வார்த்தை எந்தப் பிள்ளையைப் பார்த்தும் வரக் கூடாது என்று உறவினர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அதேபோல, "பெரிய மனசு உங்களுக்கு, எவ்வளவு பெரிய புண்ணியம்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே பாராட்டுபவர்களையும் நிறுத்துங்கள். "புண்ணியமெல்லாம் இல்லைங்க, எங்களுக்குப் பிள்ளை வேணும்னு இருந்துச்சு, இவ வந்தா" என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். நன்றிக்கடனோடு வளரும் பிள்ளை அடம்பிடிக்கக்கூடப் பயப்படும்.

பத்தாவது முடிக்கட்டும் என்று நினைக்கும் உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே, பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டலும் ரத்த வகையும் வந்துவிடும். அப்பா ஓ, அம்மா ஓ என்று இருக்கும் வீட்டில் பிள்ளை பி வகை என்றால், வகுப்பறையிலேயே பேனாவைக் கீழே வைத்துவிடும். அதற்கும் தப்பினால் பீரோவில் இருக்கும் தத்து ஆணை இருக்கிறது, வாய் தவறும் ஓர் உறவினர் இருக்கிறார். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு வயது 22. தகப்பனார் காரியத்தில், கொள்ளி வைக்க நின்றபோது, பங்காளி ஒருவர் "இவன் வைக்கலாமா?" என்று கேட்டதில்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. என் எதிரில் உட்கார்ந்து அவர் கேட்டது, பெற்ற தாய் யார் என்றல்ல. "யார் யாருக்கெல்லாம் தெரியும் மேடம்? தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?" என்றுதான் கேட்டார். தான் மட்டும் தெரியாமல் இருந்த அந்த இருபத்திரண்டு வருடம்தான் அவரை அறுத்தது. தத்து என்ற செய்தி அவரைச் சில வாரம்தான் வருத்தியது. அம்மாவிடம் இயல்பாகப் பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

(உரிமை பற்றிய பயம் உங்களுக்கு வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 63-ஆம் பிரிவின்படி தத்து ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அவள் எல்லா வகையிலும் உங்கள் பிள்ளை. 2022 செப்டம்பருக்கு முன் நீதிமன்றம் தந்த ஆணையானாலும், பிறகு மாவட்ட ஆட்சியர் தந்ததானாலும் அதே உரிமைதான்.)

மாமியாரின் பயத்தைக் கோபமாகப் பார்க்காதீர்கள். பேத்தியை இழந்துவிடுவோமோ என்ற பயம் அது. "அத்தை, சொல்லலைன்னாதான் ஒரு நாள் போயிடுவா" என்று தனியே உட்கார்ந்து பேசுங்கள். பேசிவிட்டு அவருக்கு ஒரு பொறுப்பையும் கொடுங்கள். குழந்தையைக் கொண்டுவந்த அன்று வாசலில் ஆரத்தி எடுத்தது அவர்தானே? அன்று என்ன சேலை கட்டியிருந்தார், குழந்தை அவரைப் பார்த்து அழுததா, என்ன பெயர் சொல்லிக் கொஞ்சினார் – இதையெல்லாம் பேத்திக்குச் சொல்ல வேண்டியவர் அப்பத்தாதான். "ஆமாடி தங்கம்" என்று சொன்ன அதே வாய், வந்த நாளின் கதையைச் சொல்லட்டும். உங்கள் பேச்சைவிட அது மகளின் மனதில் ஆழமாக இறங்கும்.

மகளிடம் சொல்வது என்றால் ஊருக்கெல்லாம் சொல்வது என்று பொருளில்லை. அவள் எப்படிப் பிறந்தாள், எங்கே விடப்பட்டாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். 'இது யாருக்கும் தெரியக் கூடாது' என்று அவளிடம் சொன்னால் அது அவமானமாகிவிடும். 'இது உன்னோட கதை, யாருகிட்ட சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ' என்று சொன்னால் அவள் கையில் இருக்கும். தொட்டில் விவரத்தை உறவினர்களிடம் இனிமேலாவது பேச வேண்டாம். வகுப்பாசிரியரிடம் மட்டும், 'என் குடும்பம்' பாடம் நடத்தும்போது பிறந்த அன்று எடுத்த போட்டோ கொண்டுவா என்று கேட்காமல் இருக்கும்படி சொல்லி வைக்கலாம். மருத்துவர் 'குடும்பத்தில் சர்க்கரை உண்டா?' என்று கேட்டால் உங்கள் குடும்பத்துச் சர்க்கரையைச் சொல்லாமல், தெரியாது என்றே சொல்லுங்கள். வளர்ந்த பிறகு அவளும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கோபத்தில், "நீ ஒண்ணும் என்னைப் பெத்த அம்மா இல்ல" என்று கத்துவாள். எல்லாத் தத்து வீட்டிலும் வரும் நாள் அது. "ஆமா, பெக்கல. ஆனா நான்தான் உன் அம்மா. போய் ஹோம்வொர்க் எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போங்கள். அழுகை வந்தால் அங்கே அழுதுகொள்ளுங்கள்.

வேரைத் தேட வேண்டும் என்று பிற்பாடு கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. 18 வயது நிரம்பினால் அவளே காராவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் உங்களோடு சேர்ந்து. பெற்றவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது விதி. தொட்டிலில் விடப்பட்டவர்களின் கோப்பில் பெயரே இல்லாமலும் போகலாம். அதையும் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லி வையுங்கள். இப்போதைக்குச் செய்யக்கூடியது, இருப்பதைப் பாதுகாப்பது: தத்து மையத்திலிருந்து வந்தபோது போட்டிருந்த கவுன், கையில் கட்டியிருந்த கயிறு, குழந்தை ஆய்வறிக்கையின் நகல், பார்த்துக்கொண்ட ஆயாவோடு எடுத்த படம் ஏதாவது இருந்தால் அது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பரணில் ஏற்றாமல், அவள் கேட்டால் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

நாத்தனார் மகளுக்கு இன்னும் சில வாரங்களில் குழந்தை பிறந்துவிடும். நீங்கள் எல்லோரும் பார்க்கப் போவீர்கள். தொட்டிலில் கிடக்கும் பாப்பாவைப் பார்த்ததும் உங்கள் மகளுக்கு அதே கேள்வி மறுபடி வரும். அதற்குள் அவளிடம் சொல்லி முடித்திருங்கள். போகும்போது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், மாமியாரையும்.