பாஸ்போர்ட் பெயர், பேங்க் பணம், பழைய ரிஜெக்‌ஷன்: மாணவர் விசா கேள்வி-பதில்

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுவிடலாம் என்கிறார் கன்சல்டன்சிக்காரர். போடலாமா மேடம்?
– மாணவி, பெரம்பூர்

போடாதீர்கள். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது வீட்டுக்கு வீடு இருக்கிற சிக்கல். படிவத்தில் எழுதும் பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறது என்பதற்காக அதைச் சர்நேம் ஆக்க முடியாது.

அமெரிக்க விசாவுக்கான ஆன்லைன் விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் உங்கள் ஒரே பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போகும். கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. கனடாவிலும் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குத்தான் போகும், மற்றது காலியாக இருக்கும். இதனால் விசா மறுக்கப்படாது. அவஸ்தை அங்கே போய் இறங்கியபின் வரும். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கல்லூரி அடையாள அட்டையில் எஃப்என்யூ என்பதே முதற்பெயராக அச்சாகிவிட்டது. முதல் வாரம் முழுக்க வகுப்பில் அவளை 'ஃப்னூ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நேரம் இருந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவமான ஐ-20 வாங்குவதற்கு முன்பே சர்நேம் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என எந்தச் சேவா கேந்திரம் வசதியோ அங்கே போகலாம். ஐ-20 வந்தபின் பெயரை மாற்றினால் பல்கலைக்கழகத்திடம் அதையும் மாற்றி வாங்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– மாணவர், அம்பத்தூர்

ஏபிஎஸ் என்ற கல்விச் சான்று சரிபார்ப்பு மையத்தின் சான்றிதழிலிருந்து. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம், மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள். அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கிற கணக்கு: ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992.

மகனுக்கு லண்டனுக்கு வெளியே ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சீட்டுப் பணம், நகைக்கடன் எல்லாம் சேர்த்துப் போன வாரம்தான் என் கணக்கில் போட்டேன். மீதிக்கு என் தம்பி கணக்கைக் காட்டலாமா?
– தந்தை, வில்லிவாக்கம்

தம்பி கணக்கு செல்லாது ஐயா. மாணவர் கணக்கு அல்லது பெற்றோர் கணக்குதான். மாமா, சித்தப்பா, தாத்தா எவ்வளவு பாசமாகக் கொடுத்தாலும் பணம் உங்கள் கணக்குக்கு வந்துசேர வேண்டும். அதோடு மகனின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் தேவை. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், முறையான மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள்.

தொகை: முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதி, அதற்குமேல் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண்டு. இது தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு குடும்பத்துக்குப் பத்தொன்பதாம் நாள் காப்பீட்டு பிரீமியம் தானாகக் கழிந்து, இருப்பு சில நூறு ரூபாய் கீழே இறங்கிவிட்டது. அந்த ஸ்டேட்மென்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் மாதத் தவணை எதுவும் கழியாத கணக்கில் போடுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். 28 நாள் முடிந்த தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

போன வாரம் போட்டதாகச் சொல்கிறீர்கள், ஆனால் மீதிப் பணமும் உங்கள் கணக்குக்கு வந்து முழுத் தொகை சேர்ந்த நாளிலிருந்துதான் 28 நாள் எண்ண வேண்டும், அதுவரை பொறுங்கள். அதற்குள் காசநோய்ப் பரிசோதனையை முடித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு அது கட்டாயம், இங்கிலாந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும்.

ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா இன்டர்வியூ. இன்ஸ்டாகிராமை அழித்துவிட்டுப் போகவா?
– மாணவர், குரோம்பேட்டை

வேண்டாம் தம்பி. கடந்த 5 ஆண்டில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களைப் படிவமே கேட்கிறது. 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அழித்துவிட்டுப் போனால் சந்தேகம்தான் வரும்.

கனடா ஸ்டடி பெர்மிட் போன வருடம் ரிஜெக்ட். இப்போது இங்கிலாந்துக்குப் போடுகிறேன். அதைச் சொல்லவே வேண்டாம், யாருக்கும் தெரியாது என்கிறார் ஏஜெண்ட்.
– மாணவி, வேளச்சேரி

தெரியும். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விசாத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் கனடாவுக்கு விரல்ரேகை கொடுத்திருப்பீர்கள்.

ஒரு மறுப்பு உங்கள் படிப்பை நிறுத்திவிடாது. கனடாவில் மறுக்கப்பட்டவர்கள் அடுத்த ஆண்டே இங்கிலாந்து போய்ப் படிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதை மறைத்தது தெரிந்தால் கதை வேறு: இங்கிலாந்து 10 ஆண்டு வரை தடை போடலாம், கனடா என்றால் 5 ஆண்டு. ஏஜெண்டுக்கு இதில் ஒன்றும் ஆகாது, அடுத்த இன்டேக்குக்கு அடுத்த பிள்ளை வரும். கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்கள் பெயரில்தான் விழும்.

கனடா அனுப்பிய மறுப்புக் கடிதத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். பணம் போதவில்லை என்றார்களா, இந்தப் படிப்பு எதற்கு என்று புரியவில்லை என்றார்களா? அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு, 'முன்பு விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டு, தேதியையும் காரணத்தையும் இரண்டே வரியில் எழுதுங்கள். விண்ணப்பக் கணக்கு ஏஜெண்ட் மின்னஞ்சலில் இருந்தால், இன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கும் போன் எண்ணுக்கும் மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் முழுப் படிவத்தையும் வாங்கி, ஒரு வரி விடாமல் நீங்களே படித்துப் பாருங்கள்.