1980களில் கொழும்பில் காணாமற்போனவரை இணைய ஆர்வலர்கள் எப்படித் தேடலாம்?

ஊகத்தில் தொடங்காதீர்கள், பெயரில் தொடங்குங்கள். ‘சண்முகம்’ என்பது ஆங்கிலப் பதிவுகளில் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். சிங்களத்தில் எழுதிய பொலிஸ் முறைப்பாட்டில் இன்னும் மாறியிருக்கும். முதலெழுத்து தகப்பனின் பெயர் என்பது தெரியாமல் அதையே குடும்பப் பெயராக எடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது பழைய அடையாள அட்டை இலக்கம். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 57061 என்றால் 1957 மார்ச் 1. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 2 வரும். ஒருநாள் வித்தியாசத்தால் சரியான ஆளையே ‘இவர் வேறொருவர்’ என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

பழைய நாளிதழ்களைக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பாருங்கள். காணாமற்போன நாளோடு நிற்காமல் அடுத்த சில மாதங்களையும் புரட்டுங்கள். ‘காணவில்லை’ விளம்பரம் பிந்தியும் வந்திருக்கலாம்.

பொலிஸ் பதிவுகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருப்பதால் விண்ணப்பம் குடும்பத்தவர் பெயரில் போவது நல்லது.

அடையாள அட்டை இலக்கத்தையோ சந்தேக நபரின் பெயரையோ பொதுவில் போடவே வேண்டாம். கிடைத்ததை முதலில் குடும்பத்திடம் கொடுங்கள். நாற்பது வருடமாக வாசலைப் பார்த்திருக்கும் தாய் அதை முகநூலில் படிக்கக் கூடாது.