எக்ஸோம் பரிசோதனையில் 'ஒன்றுமில்லை' என்றால் பரம்பரை இல்லை என்று அர்த்தமா?

அப்பாவுக்குத் தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் மோட்டார் நியூரான் நோய், அத்தைக்கு குணமே மாறிப்போகும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. அப்பாவின் எக்ஸோம் (மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் பரிசோதனை) ரிப்போர்ட் நெகட்டிவ், இனி நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

இந்த இரண்டு நோயும் ஒரே குடும்பத்தில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சி9ஓஆர்எஃப்72 மரபணு. 2011-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தது இது. அதில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறு எழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்குச் சில தடவைதான், நோயாளிகளிடம் பல நூறு, ஆயிரம்கூடப் போகும். எக்ஸோம் முறை டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கிறது. இவ்வளவு நீளமான தொடர், அதுவும் புரதம் உருவாக்காத பகுதியில் இருப்பது, அதன் கண்ணில் படாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், இதைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

இந்தத் தொடர் நீண்டிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை, 'ரிப்பீட்-பிரைம்டு பிசிஆர்' என்று பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். அளவு தெரிய சில சமயம் சதர்ன் பிளாட் என்ற பரிசோதனையும் செய்வார்கள்.

முதலில் அப்பாவுக்குத்தான், உங்களுக்கு அல்ல. அவருக்கு இருந்தால் அந்த மரபணு மாற்றம் உங்களுக்கும் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்கு அது இருந்தாலும் எந்த வயதில், எந்த நோயாக வரும் என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் ரத்தத்தைக் கொடுக்கும் முன் மரபணு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். மோட்டார் நியூரான் நோயை உண்டாக்கும் இன்னொரு மரபணுவான எஸ்ஓடி1-க்கு 2023-ல் அமெரிக்காவில் டோஃபர்சென் என்ற மருந்து அனுமதி பெற்றது, சி9-க்கு அப்படி ஒரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.