பழைய ராணுவக் குறிசுடும் பேட்ஜ் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

கேள்வியைப் படித்தால், யாரோ உங்களிடம் 'முதல் உலகப் போர்ப் பேட்ஜ்' என்று சொல்லிப் பெரிய விலை கேட்டிருப்பார் போலிருக்கிறது. கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரி, குறிபார்த்துச் சுடுவதில் தேறிய சிப்பாய்க்கு அமெரிக்க ராணுவம் கொடுக்கும் பேட்ஜ் ஒன்றைக் காட்டினார். சிலுவை வடிவம், நடுவில் வட்ட வட்டமாக இலக்கு, கீழே சின்ன வளையங்களில் தொங்கும் இரண்டு பட்டைகள். எந்தத் துப்பாக்கியில் தேறினார் என்று பட்டை சொல்லும்: ஒன்றில் 'ரைஃபிள்', இன்னொன்றில் 'கார்பைன்' (ரைஃபிளைவிடக் குட்டையான துப்பாக்கி). 1918இல் பிரான்சில் சண்டையிட்டவருடையது என்றார். 140 டாலர். பேரம்கூடப் பேசவில்லை.

அமெரிக்கத் தரைப்படை இந்த வடிவத்தைக் கொண்டுவந்ததே 1921இல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கார்பைன் பட்டை அதற்கும் பிந்தையது. எம்1 கார்பைன் இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கி. பேட்ஜ் அசல்தான், சொன்ன கதைதான் பொய். நான் காசு கொடுத்தது அந்தக் கதைக்கு.

அதனால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஸ்டெர்லிங்' என்று பொறித்திருந்தால் வெள்ளி. குறிசுடுவதில் மூன்று தரம் உண்டு: வெறும் சிலுவை என்றால் மார்க்ஸ்மேன், நடுவில் இலக்கு இருந்தால் ஷார்ப்ஷூட்டர், சுற்றி இலைவளையமும் இருந்தால் எக்ஸ்பர்ட். பட்டைகளை மட்டும் நம்பாதீர்கள், எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். வளையத்தில் குறடு கடித்த தடம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். தயவுசெய்து பாலிஷ் போட்டுவிடாதீர்கள். பள்ளங்களில் படிந்திருக்கும் அந்தக் கருப்பு வர எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

துப்பாக்கியைக் கொண்டாடுகிறான் என்று சிலர் சொல்வார்கள். இது ஆளைக் கொன்றதற்குக் கொடுத்த பதக்கம் இல்லை. பயிற்சித் திடலில், அட்டையில் சுட்டு வாங்கிய மதிப்பெண். இருபது வயதுப் பையன் ஒருவன் மூச்சை அடக்கிப் படுத்துக் கிடந்து சம்பாதித்தது.

என் சேகரிப்பில் எனக்கு உயிர், ஒரு பாட்டி விற்ற மார்க்ஸ்மேன் பேட்ஜ்தான். மூன்றிலும் கடைசித் தரம். கணவரை ராணுவத்திலிருந்து விடுவித்த 1945ஆம் வருஷத்துத் தாளையும் சேர்த்தே கொடுத்தார். அந்தத் தாளில் குறிசுடும் பேட்ஜ் போன்ற ராணுவத் தகுதிகளை எழுத ஒரு கட்டம் உண்டு. இந்த பேட்ஜ்களில் பொதுவாகப் பெயர் இருக்காது; தாள் இருந்தால்தான் யாருடையது என்று சொல்ல முடியும்.

நம் பாத்திரங்களில் பெயரே வெட்டியிருக்கும். அப்படியிருந்தும் அப்பா போன மூன்றாம் மாதம் ஊரில் அண்ணன் எல்லாப் பித்தளையையும் எடைக்குப் போட்டுவிட்டார். அப்பத்தா பெயர் வெட்டிய குடமும் அதில் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த எடைக்கு நானே பணம் அனுப்பியிருப்பேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் பேட்ஜ் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குடம் நினைவுக்கு வருகிறது.

சரி, உங்களிடம் காட்டிய பேட்ஜின் பின்பக்கப் படம் இருந்தால் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.